பிட்டுக்கு மண் சுமந்தவனை நம்பி ஒரு நிறுவனம்

மதுரையின் மொத்த வியாபாரம் நடக்கும் கீழமாசி வீதி, விளக்குத்தூண், சிம்மக்கல் பகுதிக் கடைகளுக்குக் கணக்கெழுதி, மாதந்தோறும் ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் செய்து கொடுப்பது எங்கள் நிறுவனத்தின் தொழில். கடைகள் நகரத்தின் நடுவில் இருக்கின்றன. கணக்கெழுதுகிறவர்களோ உசிலம்பட்டி, பேரையூர், மேலூர், சோழவந்தான், வாடிப்பட்டி என்று சுற்றுவட்டார ஊர்களில் அவரவர் வீட்டிலிருந்தே வேலை செய்கிறார்கள். கடைக்காரர் பில்களைப் படமெடுத்து அனுப்புகிறார்; அவை டேலி என்ற கணக்கு மென்பொருளில் ஏறுகின்றன; இன்னொருவர் சரிபார்க்கிறார்; பிறகு ரிட்டர்ன் போகிறது. எங்களுக்கென்று அரசரடிப் பக்கம் ஒரு சிறிய அறை உண்டு. மாதம் ஒருமுறை எல்லோரும் அங்கே கூடுகிறோம். மற்றபடி அலுவலகம் என்று சொல்லிக்கொள்ள வேறு இடம் இல்லை.

இறைநம்பிக்கையின் மேல் இந்த நிறுவனத்தை நடத்துகிறேன் என்று நான் சொல்வதைக் கேட்ட நண்பர் ஒருவர், அலுவலகமே இல்லாத நிறுவனத்தில் சாமி படத்தை எங்கே மாட்டுவீர்கள் என்று அக்கறையோடு கேட்டார். பல நாள் மனத்தில் தங்கிய கேள்வி அது. சுவரும் வாசலும் இருக்கும் இடத்தில் படம், விளக்கு, வெள்ளிக்கிழமைப் பூசை ஆகியவற்றைப் பார்த்தே இது பக்தியுள்ள முதலாளியின் கடை என்று சொல்லிவிடலாம். சுவர் இல்லாத இடத்தில் நம்பிக்கை தெரியவேண்டுமானால் சம்பளம் ஏறும் தேதியிலும், விடுப்புக் கேட்பவருக்குப் போகும் பதிலிலும், கணக்கில் பிழை வந்த நாளில் பேசும் பேச்சிலும்தான் தெரிய முடியும்.

நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவன். ஆவணி மூலத் திருவிழாவில் மீனாட்சியும் சுந்தரேசுவரரும் புட்டுத்தோப்புக்கு எழுந்தருளுவதைச் சிறுவயது முதல் பார்த்து வருகிறேன். அந்தத் திருவிழாவின் கதை மதுரையில் எல்லோருக்கும் தெரியும். வைகை கரையை உடைத்துக்கொண்டு ஓடுகிறது. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து தன் பங்குக் கரையை அடைக்க வேண்டும் என்று பாண்டியன் ஆணையிடுகிறான். பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்தி என்ற மூதாட்டிக்கு அனுப்ப ஆளில்லை. கூலியாளாக இறைவனே வந்து நிற்கிறான். உதிர்ந்த பிட்டெல்லாம் அவனுக்குக் கூலி என்று பேசி முடிக்கிறார்கள். அன்றைக்குப் பார்த்து அவித்த பிட்டெல்லாம் உதிர்ந்து போகிறது. வந்தி பேசியபடியே அத்தனையையும் கொடுத்துவிடுகிறாள். அவன் உண்கிறான், ஆடுகிறான், உறங்குகிறான். கரை அடைபடாததைக் கண்ட அரசன் பிரம்பால் அடிக்க, அந்த அடி அரசன் முதுகிலும், அரசி முதுகிலும், ஊரார் எல்லோர் முதுகிலும் விழுகிறது.

இறைவனின் கருணையைச் சொல்லும் கதையாகவே இதைக் கேட்டு வளர்ந்தேன். சம்பளம் கொடுக்கும் இடத்தில் அமர்ந்த பிறகு, முதலாளி, கூலியாள், மேற்பார்வையாளர் ஆகிய மூவரும் இதில் இருப்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. நான் வணங்கும் தெய்வம் இந்த ஊருக்கு வந்தபோது கூலியாளாக வந்தது, கூடை சுமந்தது, அடியும் வாங்கியது. இதை உண்மை என்று நம்புகிறவன் தன்னிடம் வேலை செய்கிறவரை எப்படி நடத்த வேண்டும் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

முதலில் வந்தி. பேசிய கூலியை, நாள் தனக்கு எதிராகத் திரும்பிய பிறகும், அவள் குறைக்கவில்லை. எங்கள் நிறுவனத்தில் மாதச் சம்பளத்தோடு, முடித்துக் கொடுக்கும் ரிட்டர்ன் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஊக்கத்தொகை உண்டு. கொள்முதல் பில்களை, சரக்கு விற்றவர்கள் தாக்கல் செய்ததிலிருந்து உருவாகும் ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலோடு ஒப்பிடுவதற்கு நல்ல மென்பொருள் வந்த பிறகு, முன்பு அரை நாள் பிடித்த வேலை ஒரு மணி நேரத்தில் முடியத் தொடங்கியது. ஊக்கத்தொகையைப் பாதியாக்கிவிடலாம் என்று எனக்கு யோசனை சொன்னவர்கள் உண்டு. வணிகக் கணக்கில் அது தவறான யோசனையும் இல்லை. ஆனால் பேசிய விகிதம் நிதியாண்டின் முடிவு வரைக்கும் பேசியதுதான். அடுத்த ஆண்டுக்கான விகிதத்தை ஏப்ரலுக்கு முன்பே எல்லோரோடும் உட்கார்ந்து பேசி முடிவு செய்கிறோம். நடுவில் உழைப்பவருக்கு இலாபமாக ஒரு மாற்றம் வந்தால் அந்த இலாபம் அவருக்கே போய்ச் சேரும்.

அடுத்தது பிரம்பு. வீட்டிலிருந்து வேலை செய்யும் நிறுவனங்களுக்கென்று இன்று விற்கப்படும் கண்காணிப்பு மென்பொருள்கள் பலவற்றை நான் பார்த்திருக்கிறேன். சில நிமிடங்களுக்கு ஒருமுறை திரையைப் படமெடுப்பவை, விசைப்பலகையின் ஒவ்வொரு தட்டலையும் எண்ணுபவை, சுட்டி அசையாமல் இருந்தால் "வேலையில் இல்லை" என்று குறித்துக்கொள்பவை என்று பல வகை உண்டு. இவற்றை வாங்குவதில்லை என்பது நாங்கள் தொடக்கத்திலேயே எடுத்த முடிவு. உசிலம்பட்டிக்கு அருகிலிருந்து வேலை செய்யும் ஒருவர் நடுவில் எழுந்து குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறார் என்றால், அந்த அரை மணி நேரம் எனக்குத் தெரியவேண்டிய அவசியமே இல்லை. எனக்குத் தெரியவேண்டியது கணக்கு சரியாக இருக்கிறதா, குறித்த நாளில் முடிந்ததா என்பது மட்டும். அதற்கு ஒருவர் எழுதியதை இன்னொருவர் சரிபார்க்கும் முறையே போதுமானது. அதில் பிழையும் பிடிபடுகிறது; ஒருவர் நுணுக்கம் இன்னொருவருக்கும் வந்து சேர்கிறது.

கண்காணிப்புக்கு எதிராக எனக்குள்ள பெரிய காரணம் வேறு. வீட்டுக்குள் வேலை வரும்போது, வேலை கொடுப்பவனின் கண்ணும் வீட்டுக்குள் வந்துவிடும் ஆபத்து இருக்கிறது. நேரில் கூடும் அந்த ஒரு நாளைத் தவிர மற்ற நாட்களில் இணையத்தில் பேசும்போது கேமராவைப் போடச் சொல்லி யாரையும் நாங்கள் கேட்பதில்லை. ஒற்றை அறை வீடுகளில் வேலை செய்பவர்கள் எங்களில் உண்டு. பின்னால் பாத்திரம் கழுவும் மாமியாரும், கட்டிலில் படுத்திருக்கும் அப்பாவும் தெரிவார்கள். யார் வீட்டுச் சுவர் பூசப்படாமல் இருக்கிறது, யார் வீட்டில் எந்தப் படம் மாட்டியிருக்கிறது என்பதெல்லாம் கணக்கெழுதும் தொழிலுக்குத் தேவையான செய்திகள் அல்ல.

இந்த இடத்தில் சாதியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மதுரையைச் சுற்றி வேலைக்கு ஆள் எடுக்கும் எவரும், பெயர், ஊர், தெரு என்ற மூன்றைக் கேட்டே ஒருவரை எங்கே வைப்பது என்று முடிவு செய்துவிடும் பழக்கத்துக்குள்தான் வளர்ந்திருக்கிறோம். மீனாட்சியம்மன் கோவிலின் கதவே 1939 ஜூலை 8 அன்று அ. வைத்தியநாத ஐயர், கக்கன் உள்ளிட்ட, அதுவரை சாதியின் பேரால் உள்ளே விடப்படாத தோழர்களை அழைத்துக்கொண்டு உள்ளே நுழைந்த பிறகுதான் எல்லோருக்கும் திறந்தது. அந்தக் கோவிலை என் நம்பிக்கையின் நடுவில் வைத்திருக்கிறேன் என்றால், என் நிறுவனத்தின் கதவு அதற்கு முந்தைய காலத்தில் நிற்கக் கூடாது. ஆகவே எங்களிடம் வேலைக்கு விண்ணப்பிப்பவருக்கு முதலில் ஒரு பயிற்சிக் கணக்கு போகிறது: ஒரு கற்பனைக் கடையின் ஒரு மாதப் பில்கள், அவற்றில் வேண்டுமென்றே விதைத்த சில பிழைகள். திரும்பி வரும் விடைகளுக்கு எண் மட்டும் கொடுத்து, பெயரும் ஊரும் தெரியாத இருவர் திருத்துகிறார்கள். யாரை எடுப்பது என்று முடிவான பிறகே பெயர் தெரியும். வீட்டிலிருந்து செய்யும் வேலை தரும் வாய்ப்புகளில் இதை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். ஒரே அறையில் ஒரே தண்ணீர்ப் பானை வைத்து நடத்தும் அலுவலகத்தில் இதே ஊரில் எத்தனை சங்கடங்கள் எழும் என்பது இங்கே வாழ்கிறவர்களுக்குத் தெரியும்.

எங்களிடம் இருப்பவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். பி.காம். முடித்து, திருமணமாகி, வேலை நின்றுபோனவர்கள் சிலர். நகரத்துத் துணிக்கடைகளில் நாள் முழுவதும் நின்றே வேலை பார்த்தவர்கள் சிலர். கடையில் வேலை செய்பவர் உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ஆம் ஆண்டில் திருத்தம் கொண்டுவர வேண்டிய அளவுக்கு அந்த நிற்கும் வேலை கொடியது. அதனால் புதிதாகச் சேர்பவருக்கு மடிக்கணினி போவதற்கு முன்பே முதுகு சாய்த்து உட்காரும் நல்ல நாற்காலியும் மேசையும் போகின்றன. கூடவே இணைய இணைப்புக்கான மாதக் கட்டணமும், ஒரு இன்வெர்ட்டரும். மாதாந்தரப் பராமரிப்புக்காகக் காலை முதல் பிற்பகல் வரை மின்சாரம் நிற்கும் நாள் ஊருக்கு ஊர் மாறும். மின்வாரியம் அறிவிக்கும் அந்த நாட்களைப் பார்த்தே வேலையைப் பிரித்துக்கொள்கிறோம். இருட்டில் சரிபார்க்கச் சொல்லி யாரையும் வற்புறுத்துவதில்லை.

மின்வெட்டைவிடக் கடினமானது, "வீட்டுலதானே இருக்க" என்ற சொல். வீட்டில் இருக்கிற மருமகள் வேலையில் இருக்கிறாள் என்பதை அந்த வீடு ஏற்றுக்கொள்வதற்குக் காலம் பிடிக்கிறது. விருந்தினர் வந்தால் காப்பி போட வேண்டும், ரேஷன் கடைக்கு அவள்தான் போக வேண்டும், மாமனாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்க வேண்டும். நாங்கள் இதற்குச் செய்வது சிறிய காரியங்கள்தாம், ஆனால் பயனுள்ளவை. பணி நியமனக் கடிதத்தைத் தமிழில், வேலை நேரத்தையும் சம்பளத்தையும் தெளிவாக எழுதி, அஞ்சலில் வீட்டுக்கு அனுப்புகிறோம். அந்தக் கடிதத்தைப் படித்த மாமியார் ஒருவர், "அப்ப பத்து மணிக்கு மேல இவளக் கூப்பிடக் கூடாதாப்பா?" என்று என்னிடமே தொலைபேசியில் கேட்டார். "ஆமாம் அம்மா, ஒன்றரைக்குச் சாப்பாட்டு நேரம் இருக்கு, அப்பக் கூப்பிடுங்க" என்றேன். அன்று முதல் அந்த வீட்டில் முற்பகல் அமைதி. ஆண்டுக்கு ஒருமுறை குடும்பத்தார் எல்லோரையும் அழைத்து விருந்து வைக்கிறோம். இவர்கள் எழுதும் கணக்கால் எத்தனை கடைகள் நடக்கின்றன என்பதை அங்கே வீட்டாருக்கு எடுத்துச் சொல்கிறோம்.

பணியாளரை நேசிக்கிறேன் என்று சொல்லும் முதலாளிகளிடம் நான் முதலில் கேட்க விரும்புவது வருங்கால வைப்பு நிதியான பி.எஃப்., தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ. பற்றித்தான். நேசத்தின் அளவை அங்கே பார்த்துவிடலாம். பத்துப் பேர் வேலை செய்யும் நிறுவனத்துக்கு இ.எஸ்.ஐ. வந்துவிடுகிறது, மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுபவர்கள் அதில் சேர்கிறார்கள், முதலாளி 3.25 விழுக்காடும் பணியாளர் 0.75 விழுக்காடும் செலுத்துகிறார்கள். அந்தச் சிறு தொகைக்குப் பணியாளரும், அவரைச் சார்ந்திருக்கும் பெற்றோர் உள்பட்ட குடும்பமும் மருத்துவம் பெறுகிறார்கள். பி.எஃப். சட்டப்படி இருபது பேராவது இருந்தால்தான் கட்டாயம். எங்களிடம் அதைவிடக் குறைவாக இருந்தபோதே, பெரும்பான்மைப் பணியாளர்களின் ஒப்புதலோடு விருப்பத்தின் பேரில் சேர்ந்துகொண்டோம். ஓய்வுக்காலச் சேமிப்பு ஒருபுறம் இருக்க, உறுப்பினர் பணியில் இருக்கும்போதே இறக்க நேர்ந்தால் குடும்பத்துக்கு 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும் காப்பீடும் அதனோடு சேர்ந்தது என்பதைப் பல சிறு முதலாளிகள் கவனிப்பதில்லை.

மகப்பேறு விடுப்பைப் பற்றியும் ஒரு தவறான அச்சம் நிலவுகிறது. 2017-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்றானதும், சிறிய நிறுவனம் இதை எப்படித் தாங்கும் என்று சொல்லிப் பெண்களையே வேலைக்கு எடுக்காமல் விட்டவர்களை நான் அறிவேன். இ.எஸ்.ஐ.யில் இருக்கும் பெண்ணுக்கு, அவர் தேவையான நாட்கள் பங்களிப்புச் செய்திருந்தால், அந்த 26 வார ஊதியத்தை இ.எஸ்.ஐ. கழகமே கொடுக்கிறது. முதலாளிக்கு இருக்கும் கடமை, அந்தக் காலத்துக்கு வேலையைப் பகிர்ந்துகொடுப்பதும், அவர் திரும்பி வரும் இடத்தை அப்படியே வைத்திருப்பதும்தான். விடுப்பு முடிந்த பிறகும், வேலையின் தன்மை அனுமதித்தால், இருவரும் ஒத்துக்கொண்டு வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று அதே சட்டம் சொல்கிறது. எங்களைப் போன்ற நிறுவனத்தில் எல்லோருக்கும் எப்போதும் அதுவே நடைமுறை என்பதால், தாயான பெண்ணுக்கு முதல் ஆறு மாதம் வேலை நேரத்தை அவரே பிரித்துக்கொள்ளும் உரிமையையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறோம்.

எங்கள் தொழிலில் மாதத்தின் 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் மூச்சு முட்டும் நாட்கள். 11-இல் விற்பனை விவரத்தைச் சொல்லும் ஜிஎஸ்டிஆர்-1, 20-இல் வரியைக் கணக்கிட்டுக் கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி. பல கடைக்காரர்கள் 19-ஆம் தேதி இரவு பத்து மணிக்கு ஒரு கட்டுப் பில்லை வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். அவர்கள் மேலும் குறையில்லை. பகல் முழுவதும் வியாபாரம் பார்த்துவிட்டு அப்போதுதான் உட்காருகிறார்கள். ஆனால் அந்த இரவு யாருடைய உறக்கத்திலிருந்து எடுக்கப்படுகிறது என்பதை நிறுவனம்தான் பார்க்க வேண்டும். ஆகவே கொள்முதல் பில்கள் 12-ஆம் தேதிக்குள் வந்துவிட வேண்டும், இரவு எட்டுக்கு மேல் யாரையும் தனிப்பட்ட எண்ணில் அழைக்கக் கூடாது என்று வாடிக்கையாளரோடு செய்யும் ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறோம். எங்கள் பக்கத் தவறால் தாக்கல் தாமதமாகி நாளொன்றுக்கு 50 ரூபாய் வீதம் தாமதக் கட்டணம் விழுந்தால், அதை நிறுவனம் கட்டும். ஒருவருடைய சம்பளத்திலிருந்தும் அது பிடிக்கப்படாது. பிரம்படி எல்லோர் முதுகிலும் விழுந்தது என்ற கதையை நம்புகிறவன், ஒருவர் செய்த பிழையின் சுமையை அவர் ஒருவர் தலையில் மட்டும் ஏற்ற முடியாது.

கணக்கு நேர்மையிலும் இதே நம்பிக்கைதான் எங்களை நடத்துகிறது. சரக்கு வராமலே பில் மட்டும் வாங்கி, கொள்முதலில் கட்டியதாகக் காட்டும் உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொள்ளச் சொல்லும் கோரிக்கை இந்தத் தொழிலில் அவ்வப்போது வரும். அப்படிக் கேட்கும் வாடிக்கையாளரிடம், என்னிடம் அனுமதி கேட்காமலே, "முடியாதுங்க அண்ணாச்சி" என்று சொல்லும் உரிமை எங்களில் கடைசியாகச் சேர்ந்தவருக்கும் உண்டு. அதனால் அந்த வாடிக்கையாளர் போய்விட்டால் அவர் ஊக்கத்தொகை குறையாது. அப்படி மூன்று கடைகள் எங்களை விட்டுப் போயின. போகட்டும் என்றுதான் நினைத்தேன். ஒருவருடைய மனச்சாட்சியைச் சம்பளத்துக்காக விற்கச் சொல்லும் இடத்தில் எந்தத் தெய்வத்தின் பெயரையும் எழுதி வைக்க எனக்குத் துணிவில்லை.

வழிபாட்டைப் பற்றி இனிச் சொல்கிறேன். எங்கள் கூட்டங்களில் பிரார்த்தனை கிடையாது. என் வீட்டில் விளக்கேற்றித் திருநீறு பூசிய பிறகே நான் கணினியைத் திறக்கிறேன். அது என் வீட்டோடு நிற்கிறது. சம்பளம் வாங்குகிறவரால் மறுக்க முடியாத பிரார்த்தனை, பிரார்த்தனையாகாது. எங்களில் இஸ்லாமியரும் கிறித்தவரும் கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களும் இருக்கிறார்கள். குடியரசு நாள், மே தினம், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள் ஆகிய நான்கும் எல்லோருக்கும் பொது. பண்டிகை விடுமுறைகளை ஆண்டுத் தொடக்கத்தில் அவரவரே தேர்ந்தெடுத்துக்கொள்கிறார்கள். ரமலான் மாதத்தில் நோன்பிருப்பவர்கள் சஹர் உணவுக்குப் பிறகு விடியற்காலையிலேயே வேலையைத் தொடங்கி நண்பகலோடு முடித்துக்கொள்கிறார்கள். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் மட்டும் முழு நிறுவனமும் ஓய்வெடுக்கிறது. அந்த நாளில் மதுரையில் எவரிடமும் வேலை வாங்க முடியாது என்பதும், வாங்கக் கூடாது என்பதும் இந்த ஊரின் எழுதாத சட்டம்.

நம்பிக்கையின் மேல் நிறுவனம் கட்டலாம், அது கணக்கிலும் தாங்கி நிற்கும் என்பதற்கு மதுரையில் அண்ணாந்து பார்க்க ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. அரசுப் பணியில் 58 வயதில் ஓய்வு பெற்ற டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976-ஆம் ஆண்டில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை அது. ஸ்ரீ அரவிந்தரிடம் அவர் கொண்டிருந்த பக்தி அந்தப் பெயரிலேயே இருக்கிறது. ஆனால் என்னை ஈர்ப்பது, அந்தப் பக்தி அறுவை அரங்கின் ஒழுங்கில் இறங்கியிருக்கும் விதம். ஒரு நோயாளிக்கு அறுவை நடக்கும்போதே அடுத்தவர் பக்கத்து மேசையில் ஆயத்தமாக இருப்பார். மருத்துவர் நேரம் வீணாகாமல் திரும்பிக்கொள்வார். கிராமங்களிலிருந்து வந்த இளம்பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, அவர்கள் கையில் அந்த ஒழுங்கை ஒப்படைத்தார்கள். கட்டணம் கொடுப்பவர் தரும் பணத்தில், கொடுக்க முடியாதவருக்கும் அதே கண்ணொளி கிடைக்கிறது. பக்தி உணர்ச்சியாக மட்டும் நின்றிருந்தால் பதினொரு படுக்கைகள் பதினொன்றாகவே இருந்திருக்கும்.

எங்கள் நிறுவனத்தில் அப்படி ஓர் ஒழுங்காக நாங்கள் வைத்திருப்பது, மூன்று மாதச் சம்பளத் தொகையைத் தனி வங்கிக் கணக்கில் எப்போதும் வைத்திருப்பதாகும். வாடிக்கையாளர் பணம் தாமதமானாலும் மாதத்தின் கடைசி வேலை நாளில் சம்பளம் ஏறிவிடும். நான் எடுத்துக்கொள்ளும் சம்பளம் எல்லோருக்கும் ஏறிய பிறகே எனக்கு ஏறும். சென்ற ஆண்டு ஒரு பெரிய விற்பனை நிறுவனம், தன் கிளைகள் அனைத்தின் கணக்கையும் எடுத்துக்கொள்ளும்படி எங்களை அழைத்தது. அதற்கு ஒரே காலாண்டில் எங்கள் எண்ணிக்கையை இரு மடங்காக்க வேண்டியிருந்தது. அந்த வேகத்தில் ஆள் எடுத்தால் மூன்று மாத இருப்பு ஒன்றரை மாதமாகிவிடும்; ஒப்பந்தம் நின்றுபோனால் புதிதாக வந்தவர்களை நடுத்தெருவில் விடவேண்டி வரும். நான்கு கிளைகளை மட்டும் இப்போது எடுத்துக்கொள்கிறோம், மற்றவற்றை இருப்பு வளர்வதற்கு ஏற்ப எடுத்துக்கொள்கிறோம் என்று எழுதினோம். அவர்கள் ஒத்துக்கொண்டார்கள்.

அந்த நான்கு கிளைகளுக்காக இருவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். ஒருவர் திருமங்கலத்துக்கு அப்பால் படுத்த படுக்கையாக இருக்கும் தந்தையைக் கவனித்துக்கொண்டே வேலை தேடியவர். இன்னொருவர் ஒன்பது ஆண்டுகள் துணிக்கடைக் கல்லாவில் இருந்தவர். அடுத்த மாதம் ஒன்றாம் தேதி இருவரும் பணியில் சேர்கிறார்கள். ஐந்து ஆண்டுகள் நிறைவு செய்பவருக்கு ஆண்டுக்குப் பதினைந்து நாள் ஊதியம் வீதம் கொடுக்கவேண்டிய பணிக்கொடைக்காக, அவர்கள் பெயரிலும் முதல் மாதத்திலிருந்தே தொகை ஒதுக்கத் தொடங்குகிறோம்.